பச்சைக் குளமும் பம்ப் ரூம் நோட்டும்

(2024 ஜனவரி 7 ஞாயிறு அன்று நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில், நீச்சல் குளம் பற்றிய தீர்மானத்துக்கு முன், சி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு நீச்சல் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான்கு வாரமாக பம்ப் ரூமில் ஒரு நோட்டுப் போட்டு எண்களை எழுதி வருகிறேன், அதனால் பேசச் சொன்னார்கள். போகியன்று, 14ஆம் தேதி, குளத்தைத் திறப்பது என்று ஒரு தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கினால் 86,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஏழு லாரிக்கும் கொஞ்சம் மேலே. குளத்தைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இதுவரை எந்தப் பதிவேட்டிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. மருந்து போடுகிறவர் கண் அளவில்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் கரண்ட் போனது உங்களுக்கே தெரியும். நமக்கு ஐந்து நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் பம்ப் ரூமில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று மோட்டாரின் வைண்டிங் போய்விட்டது. குளத்தைச் சுற்றியுள்ள தளம் உயரமாக இருப்பதால் தெருத் தண்ணீர் குளத்துக்குள் வரவில்லை. அது நம் அதிர்ஷ்டம். சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே போயிருந்தால் மொத்தத் தண்ணீரையும் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் பாசிக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை. தண்ணீர் ஓடாமல் நின்று, குளோரின் தீர்ந்துபோனால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வந்தது.

அந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் வந்த யோசனைகளை நான் எண்ணிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னவர்கள் ஒன்பது பேர், மயில்துத்தம் போடச் சொன்னவர்கள் மூன்று பேர், தண்ணீரை இறைத்துவிடச் சொன்னவர்கள் பதினொரு பேர், மண்ணைக் கொட்டி மூடிப் பூங்கா ஆக்கச் சொன்னவர் ஒருவர். அவர் இங்கே முன் வரிசையில்தான் இருக்கிறார், வணக்கம் சார். குளம் பார்க்கும் தம்பி எதையோ தப்பாகக் கலந்துவிட்டான் என்றும் ஒரு பேச்சு ஓடியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளமே ஒரே நாளில் பச்சையானது. அங்கே 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்கள். அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. உலகமே பார்க்கிற குளத்துக்கே அந்தக் கதி. நம் தம்பி ஒன்றும் கலக்கவில்லை. அவனுக்கு ஓடுகிற மோட்டார் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் பத்து கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. பச்சைத் தண்ணீர் பச்சைப் பாலாக மாறியது. வெயிலே குளோரினைச் சிதைத்துவிடும், மருந்து எப்போதும் பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீரைச் சுற்றவைக்க பம்ப் இல்லாதபோது போட்ட மருந்து போட்ட இடத்திலேயே அடியில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தோம்: மெஷின் சரியாகும்வரை மருந்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மோட்டார் ரீவைண்டிங் ஆகி 17ஆம் தேதி வந்தது. ஓடியது, ஆனால் இழுக்கவில்லை. குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வருகிற துளைகளில் குமிழியாகக் கொப்பளித்தது. குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கம் எங்கேயோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பிளம்பர் என் ஷேவிங் ஃபோமை வாங்கி மூட்டு மூட்டாகத் தடவினார். பம்புக்கு முன்னால் இலை தழை பிடிக்கிற கூடை இருக்கிறதே, அதன் மூடி ஓரத்தில் நுரை உள்ளே போனது. மூடியின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடியதும் பம்ப் தண்ணீரைப் பிடித்தது. வாசலின் தடவக் கூடாதாம், ரப்பரைக் கெடுத்துவிடுமாம்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நோட்டில் ஒரு கணக்கு டாலி ஆகவில்லை. தினமும் குளத்தின் மட்டம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. போர் தண்ணீரை விட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். "வெயிலில் ஆவியாகிறது சார்" என்றார் ஒப்பந்தக்காரர். டிசம்பர் மாதத்திலா?

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் இரண்டாம் படியில் வைத்தோம். பக்கெட்டின் உள்ளே ஒரு கோடு, வெளியே குளத்தின் மட்டத்தில் ஒரு கோடு. வெயிலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான். பம்ப் ஓடிய நாளில் பக்கெட்டில் 4 மில்லிமீட்டர் குறைந்தது, குளத்தில் 54. மறுநாள் பம்பை நிறுத்தி வைத்தோம், இரண்டிலும் 4. ஆக, பம்ப் ஓடும்போது மட்டும் 50 மில்லிமீட்டர் எங்கேயோ போகிறது. 12 மீட்டருக்கு 6 மீட்டர், அதில் 50 மில்லிமீட்டர் என்றால் 3,600 லிட்டர். பம்ப் ஓடுகிற எட்டு மணி நேரத்தில் நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர், நன்றாகத் திறந்து வைத்த ஒரு குழாய் மாதிரி. கழிவுக் குழாய் சாக்கடையில் சேருகிற இடத்துக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தால், அங்கே விரல் தடிமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் மணல் ஃபில்டரின் தலையில் இருக்கிற ஆறு நிலை வால்வு. அதன் உள்ளே வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஒரு ரப்பர் இருக்கிறது, ஸ்பைடர் கேஸ்கட் என்கிறார்கள். ஃபில்டர், பேக்வாஷ் என்று ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது அதுதான். அது கிழிந்தால் தண்ணீர் கழிவுக்கும் போகும், அழுக்கு மணலைத் தொடாமலே குளத்துக்கும் திரும்பும். அதாவது இரவெல்லாம் ஃபில்டர் ஓடினாலும் குளம் தெளியாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்புவதுதான் இது கிழிவதற்கு வழக்கமான காரணம். நிறுத்தி, பிறகு அழுத்தித் திருப்ப வேண்டும். இப்போது வால்வின் மேலேயே அதை எழுதி ஒட்டியிருக்கிறோம். கேஸ்கட்டின் விலை சில நூறு ரூபாய். கடைக்கு இரண்டாம் முறை போகாமல் இருக்க ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம், பில் கணக்கில் இருக்கிறது. மணலும் எட்டு வருஷமாகக் கட்டிப்போய் இருந்தது, சிலிக்கா மணல் புதிதாகப் போட்டாயிற்று. ஆற்று மணல் மலிவு என்று ஒருவர் சொன்னார், அதைப் போட்டிருந்தால் ஃபில்டரே போயிருக்கும்.

மெஷின் சரியான பிறகுதான் தண்ணீரை லேபுக்கு அனுப்பினோம். குளோரின் பூஜ்யம், அது தெரிந்ததுதான். சயனூரிக் ஆசிட் 120 பிபிஎம். அது என்ன என்கிறீர்களா? நாம் இத்தனை வருஷமாகப் போடுகிற வெள்ளை மாத்திரை, டிசிசிஏ, குளோரினோடு இதையும் சேர்த்துத்தான் விடுகிறது. 10 பிபிஎம் குளோரின் கிடைத்தால் 6 பிபிஎம் இது தங்கும். குளோரின் செலவாகிவிடும், இது ஆகாது. கொஞ்சம் இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும், அதிகமானால் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யவிடாது. இதைக் குறைக்க ஒரே வழி தண்ணீரை மாற்றுவதுதான்.

அப்படியானால் இறைத்துவிடச் சொன்ன பதினொரு பேரும் சரிதானே? முழுசாக இறைப்பது ஆபத்து. புயலுக்குப் பிறகு நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று நம் போரைப் பார்த்தாலே தெரியும். காலிக் குளம் ஒரு தொட்டிப் படகு மாதிரி. கீழேயிருந்து தண்ணீர் முட்டினால் தளம் விரிசல் விடும், மேலெழும்பவும் செய்யும். அதனால் மூன்றில் ஒரு பங்கு இறைத்து நிரப்பினோம், கலக்கவிட்டு இன்னொரு முறை அதே மாதிரி. 120 முதலில் 80 ஆனது, பிறகு 53. கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போடுகிற கணக்கு.

29ஆம் தேதி மாலைதான் குளோரின் போட ஆரம்பித்தோம். ஆசிட் விட்டு பிஎச்-ஐ 7.2க்குக் கொண்டுவந்து, பிறகு 20 பிபிஎம் குளோரின். ஒரு லட்சம் லிட்டருக்கு 100 கிராம் என்பது ஒரு பிபிஎம். நம் குளத்துக்கு 20 பிபிஎம் என்றால் 1,728 கிராம், பத்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் சுமார் 17 லிட்டர். தம்பி தினமும் சுவரையும் படியையும் தேய்க்கிறான். செத்த பாசி மணலில் சேரச் சேர பிரஷர் கேஜ் ஏறும், பேக்வாஷ் செய்தால் இறங்கும். பச்சை முதலில் சாம்பலானது, பிறகு பால் கலந்த நீலம். இப்போது நீங்கள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கே, ஏன் திறக்கவில்லை" என்று கேட்கிற நீலம்.

அதற்குத்தான் வருகிறேன். வங்கியில் ராத்திரி பூட்டிய கேஷ் காலையில் அப்படியே இருக்க வேண்டும். குளத்துக்கும் அதே சோதனை உண்டு. இரவு சூரியன் இல்லை, யாரும் குளிக்கவில்லை. இரவு அளந்த குளோரின் விடியுமுன் அளந்தால் குறைந்திருக்கிறது என்றால், உள்ளே இன்னும் உயிரோடு ஏதோ இருந்து அதைச் சாப்பிடுகிறது. ஒரு பிபிஎம் வரை குறையலாம். முந்தாநாள் இரவு 21, நேற்றுக் காலை 18. நேற்று இரவு 20.5, இன்று காலை 19. சொட்டு எண்ணுகிற கிட்டில் நானும் தம்பியும் தனித்தனியாக அளந்தது. முன்னேற்றம்தான், ஆனால் பாசி இன்னும் சாகவில்லை. செத்த பிறகும் குளோரின் 3க்கு இறங்க நாலைந்து நாள் வெயில் வேண்டும்.

இன்னொன்று, இதை அவசரமாகத் திறக்கச் சொல்கிற பெற்றோர்கள் தயவுசெய்து கேளுங்கள். ஆழமான பக்கத்தில், 1.5 மீட்டர் அடியில், வடிகால் மூடி இருக்கிறது. இன்று காலை அதன் நிறம் தெரிகிறது, துளைகள் தெரியவில்லை. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கை தட்டாது. சத்தமில்லாமல் கீழே போகும். தண்ணீர் மங்கலாக இருந்தால் கரையில் நிற்கிற அம்மாவுக்கும் தெரியாது, காவலுக்கு நிற்பவருக்கும் தெரியாது. அந்த மூடியின் துளைகளைக் கரையில் நின்று எண்ண முடிகிறவரை ஒரு குழந்தையைக்கூட உள்ளே விடக் கூடாது என்பது என் கட்சி.

பம்ப் ரூமைப் பற்றியும் ஒரு விஷயம். அங்கே ஆசிட் கேனும் ஹைப்போகுளோரைட் கேனும் மாத்திரை டப்பாவும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் ஒரே பலகையில் இருந்தன. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு. அந்த மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கும். ஜன்னல் இல்லாத அறையில், ஈரத் தரையில், வெறுங்காலோடு, த்ரீ பேஸ் பேனலுக்குப் பக்கத்தில் ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் வேலை செய்கிறான். ஆசிட்டை வெளியே தனிக் கூண்டுக்கு மாற்றியாயிற்று. எக்ஸாஸ்ட் ஃபேன், கசிவு மின்சாரத்தில் தானே விழுகிற ஆர்சிசிபி, கையுறை, கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், இவற்றுக்கான கொட்டேஷன் உங்கள் கையில் உள்ள தாளின் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் அடங்காது, கார்பஸ் நிதியிலிருந்து எடுக்க வேண்டும். நீச்சல் குளத்தில் காலே வைக்காத என்னைப் போன்றவர்களும் இதற்குக் கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானத்துக்கு என் திருத்தம் இதுதான். 14ஆம் தேதி என்பதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: தொடர்ந்து மூன்று இரவு குளோரின் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருந்து, வடிகால் மூடியின் துளைகள் தெரிந்து, குளோரின் 2க்கும் 3க்கும் நடுவில் நின்றால், மறுநாள் காலை திறக்கலாம். அது 14க்கு முன்னால் நடந்தால் எனக்கும் சந்தோஷம். 20ஆம் தேதி ஆனாலும் குழந்தைகளிடம் நானே வந்து சொல்லத் தயார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே குளத்தில் இறங்குகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. புது மணல் போட்டிருக்கிறோம் சார், ஷவரில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

நோட்டு பம்ப் ரூம் கதவுக்குப் பின்னால் கயிற்றில் தொங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கும் காலை ஐந்தரைக்கும் அளக்கிறோம். ஐந்தரை மணிக்கு நானும் தம்பியும்தான் இருக்கிறோம், ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒருவர் முறை போட்டு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேடத்திடம் கொடுங்கள். வருகிறவர்கள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், தரை ஈரமாக இருக்கும்.