ஏரி பிழைத்தால்தான் சுற்றுலா

ஏரியைச் சுற்றுலாத் தலமாக்குவது என்றாலே படகுத்துறை, விடுதி, விளக்கு அலங்காரம் என்றுதான் திட்டம் போடுகிறோம். ஒடிசாவின் சிலிகா ஏரி வேறு வரிசையைக் காட்டுகிறது. வண்டல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன்பாடு சரிந்தது. 1993-இல் ராம்சார் ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின், சீர்கெட்டுவரும் ஈரநிலங்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. 2000-இல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடல்நீர் ஏறியது, மீன் பெருகியது. 2002-இல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. முதலில் பிழைக்க வைத்தது ஏரியைத்தான்.

அதன் வடகரையில் இருக்கிறது மங்களஜோடி. ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர். வேட்டையாடியவர்களில் பலர் இன்று வழிகாட்டிகள். நாணலுக்கு நடுவே மோட்டார் இல்லாத படகை நீண்ட கழியை ஊன்றித் தள்ளிப் போகிறார்கள். பக்கத்திலேயே கருவால் மூக்கன் தன் நீண்ட அலகைச் சேற்றில் செருகி இரை தேடும், எழுந்து பறப்பதில்லை. மோட்டார் இல்லாவிட்டால் கூட்டம் குறையும், வருமானம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஏரியில் சாத்தபடா பக்கம், ஓங்கில்களைக் காட்ட மோட்டார் படகுகள் துரத்துவது அந்த ஓங்கில்களுக்கே ஆபத்து. மூலதனத்தையே அழித்து வரும் வருமானம் எத்தனை நாளைக்கு? பறவைகள் குளிர்காலத்தில் மட்டும்தானே வருகின்றன என்பது இன்னொரு மறுப்பு. உண்மை. அதனால்தான் மீன்பிடித் தொழிலைக் கைவிடச் சொல்லாமல், சுற்றுலாவை அதற்குத் துணை வருமானமாக வைக்க வேண்டும். படகுக் கட்டணமும் கரையோர ஊர்க்காரர்கள் கைக்கே போய்ச் சேர வேண்டும்.