கிண்டியில் ஒரு நாள், எட்டு ஓட்டம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

(நமது நலச்சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓய்வுக்குப் பிறகு பணத்தைப் பாதுகாப்பது எப்படி என்று பேசச் சொன்னார் செயலாளர். வைப்புத்தொகை வட்டி, அஞ்சலகச் சேமிப்பு இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் இன்றைக்குக் குதிரைப் பந்தயம் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரேஸ் மைதானமே கிடையாது, உண்மைதான். ஆனால் பந்தயத்தில் பணம் எப்படிக் கரைகிறது என்பதைக் குதிரையை வைத்துச் சொன்னால்தான் தெளிவாக விளங்கும். அங்கே எல்லாம் பலகையில் எழுதி, கணக்குக் காட்டி நடக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. சென்னை கிண்டியில் 1777 முதலே குதிரை ஓட்டம் நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் ஏற்பட்டது. சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் கிளப்புக்குக் கிடைத்தது. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சில்லறை. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! 1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தடையாணையின் பேரில் ஓட்டம் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தது. 1996-ல் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டம் அல்ல என்று. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தைத் திரும்ப எடுக்க நடவடிக்கை எடுத்தது. அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது.

நான் சொல்லப்போவது 1984-ல், அந்தத் தடையாணைக் காலத்தில் நடந்தது. வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து சென்னையில் ஒரு கிளையில் இருந்தேன். அங்கே நம் தோவாளைப் பக்கத்துக்காரர் ஒருவர் சீனியர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். குடிக்கமாட்டார், பொய் சொல்லமாட்டார், லெட்ஜரில் ஒரு பைசா வித்தியாசம் வந்தால் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பிரியம் கிண்டி ரேஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். மின்சார ரயிலில் கிண்டி போய் இறங்கினோம். வழியெல்லாம் அவர் கையில் ரேஸ் புக். எந்தக் குதிரை, யார் ஜாக்கி, போன ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது, எத்தனை கிலோ சுமக்கிறது எல்லாம் அதில் இருக்கும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "மக்கா, குதிரையோட அழகைப் பாக்காத. அது சுமக்குற எடையைப் பாரு."

அது சரியான பேச்சுதான். நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று வைத்து எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்புக் கொடுப்பதுதான் ஹேண்டிகேப் முறை. எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கியை மறுபடி தராசில் ஏற்றுவார்கள். அண்ணாச்சிக்கு இதெல்லாம் அத்துப்படி. உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்ன அந்தத் திறமை அவரிடம் நிச்சயமாக இருந்தது.

அங்கே பணம் கட்ட இரண்டு வழி. ஒன்று புக்கி. அவர் ஒரு விலை சொல்வார், அந்த விலைக்குக் கட்டலாம். இன்னொன்று டோட் கவுன்டர். அண்ணாச்சி டோட்டில் மட்டும்தான் கட்டுவார். எனக்குக் குதிரையைவிட அந்தக் கவுன்டர்தான் பிடித்திருந்தது. நம்ம கேஷ் கவுன்டர் மாதிரியே இருந்தது. நான் சீட்டு ஏதும் வாங்கவில்லை. பி.காம். படித்த புத்தி, அவர் ரேஸ் புக்கின் பின்னட்டையில் அவருடைய வரவு செலவைக் குறித்துக்கொண்டே வந்தேன். அதை அப்படியே வாசிக்கிறேன்.

கையில் கொண்டுபோனது 300 ரூபாய். அன்றைக்கு எங்கள் மாதச் சம்பளமே ஆயிரத்துச் சொச்சம். முதல் ஓட்டத்தில் 30 கட்டினார், போயிற்று. இரண்டாவதில் 30, அதுவும் போயிற்று. மூன்றாவதில் யாரும் நம்பாத ஒரு குதிரையில் 40 கட்டினார். அது முதலில் வந்தது! 10 ரூபாய்க்கு 85 வீதம் 340 ரூபாய். கையில் இப்போது 540. நான்காவதில் 100 கட்டினார், போயிற்று. ஐந்தாவதில் 100 கட்டியது ஊரே கட்டிய பேவரைட் குதிரையில். அது ஜெயித்தது, 10 ரூபாய்க்கு 16 வீதம் 160 கிடைத்தது. ஆறாவதில் 150 போயிற்று. ஏழாவதில் 150 போயிற்று. கடைசி ஓட்டத்தில் மிச்சம் இருந்த 200-ஐயும் கட்டினார். அதுவும் போயிற்று. ரயில் சீசன் டிக்கெட் இருந்ததால் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கிளையில் அவர் சொன்னது இதுதான்: "நேத்து நாப்பது வச்சு முந்நூத்தி நாப்பது எடுத்தேம்வே!" அது பொய்யில்லை. ஆனால் அது எட்டு வரிக் கணக்கில் ஒரு வரி.

மற்ற வரிகளையும் கூட்டிப் பாருங்கள். அவர் கொண்டுபோனது 300 ரூபாய்தான். ஆனால் கவுன்டரில் கட்டிய மொத்தத் தொகை 800. திரும்ப வந்தது 500. கொண்டுபோன பணத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் அவர் பந்தயம் கட்டியிருக்கிறார், அவருக்கே தெரியாமல். ஜெயித்த பணத்தை யாரும் தன் பணமாக நினைப்பதில்லை. அது உடனே அடுத்த ஓட்டத்துக்குப் போகிறது.

இதில் யாராவது ஏமாற்றினார்களா? இல்லை. டோட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். எல்லோரும் கட்டும் பணம் ஒரே உண்டியலில் சேர்கிறது. அதிலிருந்து வரியும் கிளப்பின் கழிவும் முதலில் எடுக்கப்படும். மீதியைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பங்கு வைக்கிறார்கள். கணக்கு எளிதாக இருக்க, நூற்றுக்கு 20 கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் சேர்ந்தால் 80,000 மிஞ்சும். ஜெயித்த குதிரையில் 40,000 கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய்க்கு 20 கிடைக்கும். அதில் 2,000 மட்டுமே கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய்க்கு 400 கிடைக்கும். ஆக, டோட்டில் விலையைத் தீர்மானிப்பது பக்கத்தில் நின்று பணம் கட்டும் கூட்டம்தான். நீங்கள் போட்டி போடுவதும் அந்தக் கூட்டத்தோடுதான். அவர்கள் கையிலும் அதே ரேஸ் புக்தான் இருக்கிறது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது, அந்தக் கழிவையும் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். அதுவும் ஒருநாள் இருநாள் அல்ல, வருஷக்கணக்காக.

மைதானத்துக்கு வந்த எல்லோரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் 100 ரூபாயோடு உள்ளே போகிறார், ஒவ்வொரு ஓட்டத்திலும் கையில் இருப்பதை முழுதும் கட்டுகிறார். முதல் ஓட்டம் முடிந்ததும் 80. அடுத்தது 64. அப்புறம் 51, 41, 33, 26, 21. எட்டாவது ஓட்டம் முடியும்போது கையில் 17 ரூபாய்கூட முழுசாக இருக்காது. பி.காம். படித்தவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை என்று படித்தோமே, அதுதான். இயந்திரத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை தேய்மானம் போடுவோம். இங்கே அரை மணிக்கு ஒருமுறை போடுகிறார்கள்.

திறமை இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறமை தீர்மானிப்பது அந்த 17 ரூபாய் யார் பைக்குப் போகிறது என்பதை மட்டும்தான். 100-ஐ 17 ஆக்கியது கழிவு. கழிவுக்கு முன்னால் கெட்டிக்காரனும் ஒன்று, முட்டாளும் ஒன்று.

இப்போது அது இன்னும் கடுமை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதுவும் லாபத்தின் மேல் அல்ல, கட்டும் முழுத் தொகையின் மேல். இது போக, ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வருமான வரி. தோற்ற சீட்டுகளைக் காட்டி அந்த வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இனி அண்ணாச்சியின் மீதிக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1995-ல் வங்கி ஊழியர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஓய்வூதியம் வேண்டுமா, அல்லது பி.எப்.-ல் வங்கி போட்ட பங்கை மொத்தமாக எடுத்துக்கொள்கிறாயா என்று விருப்பம் கேட்டார்கள். மொத்தமாக எடுக்கப் பலருக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. மகள் கல்யாணம், வீடு என்று. அண்ணாச்சிக்கு இருந்த காரணம் கடன். சொசைட்டிக் கடன், பி.எப். கடன், தெரிந்தவர்களிடம் வாங்கிய கைமாற்று. அவர் மொத்தப் பணத்தைத்தான் கேட்டார். 1999-ல் ஓய்வு பெற்றார். கடன் தீர்ந்தது. மிச்சம் இருந்ததும் சில வருஷங்களில் தீர்ந்தது.

2010-ல் இன்னொரு வாய்ப்பு வந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் வங்கியின் பி.எப். பங்கைத் திருப்பிக் கட்டி, அதற்கு மேல் அதில் 56 சதவீதமும் கட்டினால் ஓய்வூதியத்துக்கு மாறிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் நகையை வைத்து, பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிச் சேர்ந்தார்கள். அண்ணாச்சி கேட்ட இடத்தில் எல்லாம் பழைய பாக்கி இருந்தது. கடைசித் தேதி போய்விட்டது. அவர் காலமான பிறகு மதினிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருக்கும். வரவில்லை. மகள் வீட்டில் இருக்கிறார்கள். மருந்துக்குக்கூட மருமகன் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்த அம்மா ஒருநாளும் கிண்டி மைதானத்தைப் பார்த்ததில்லை.

நமக்கு ஏன் இந்தக் கதை? 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா லாட்டரி. 1967-ல் கேரள அரசே தொடங்கியது, தினமும் குலுக்கல். நம் பக்கத்தில் இருந்து பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறவர்களை நமக்குத் தெரியும். அடுத்தது போன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் ஏதாவது ஒரு பெயரில் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. கிண்டியில் எட்டு ஓட்டம் முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். போனில் எட்டாவது ஓட்டம் என்று ஒன்று கிடையாது.

திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே, 94-வது, இருக்கிறது. அதில் வள்ளுவர் முதலில் எச்சரிப்பது தோற்பதைப் பற்றி அல்ல, ஜெயிப்பதைப் பற்றி. அண்ணாச்சியைக் கெடுத்ததும் அந்த மூன்றாவது ஓட்டம்தான்.

கடைசியாகச் சில யோசனைகள்.

ஒன்று: வீட்டில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்தால் திட்டாதீர்கள். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, கட்டிய தொகையைத் தனியாகவும் வந்த தொகையைத் தனியாகவும் கூட்டச் சொல்லுங்கள். ஜெயித்தது ஞாபகத்தில் இருக்கும். கட்டிய மொத்தத்தைக் காகிதம்தான் சொல்லும்.

இரண்டு: ஓய்வு பெறும்போது மொத்தப் பணமா, மாதாமாதமா என்ற கேள்வி வந்தால், வீட்டுக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் வாழப்போகும் வருஷங்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

மூன்று: பந்தயக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் சரி. சாப்பாட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்றால் கையில் இருப்பதைக் கொடுங்கள்.

குதிரை ஓடுவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. சினிமா டிக்கெட் மாதிரி ஒரு தொகையை ஒதுக்கி, அது போயே போயிற்று என்று நினைத்துப் போகிறவருக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அங்கே சம்பாதிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் மட்டும் ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுத்துப் போகட்டும்.

 கணக்கில் சந்தேகம் இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசலாம்.