சல்லடையும் சர்வரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா. ஆனா, கம்ப்யூட்டர் படிக்காதவங்களுக்கும் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். 2012-ல் இங்கே கணிப்பொறியியல் முடித்து வெளியேறியதிலிருந்து நான் பார்ப்பது, சுருக்கமாகச் சொன்னால், தபால்காரர் வேலை. மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிக்கிறேன். சைக்கிளும் இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை. மற்றபடி பொறுப்பு ஒன்றுதான். வந்த கடிதம் உரியவர் கையில் சேர வேண்டும்.

இந்தப் பொறுப்பை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சர்வர் மற்றொரு சர்வரிடம் "250" என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட்டால், "கடிதத்தை வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு" என்று அர்த்தம். பிறகு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சத்தம் போடாமல் கிழித்துப் போடுவது முறையல்ல.

ஆனால் வருகிற கடிதமெல்லாம் கடிதமா? லாட்டரி விழுந்தது, கடன் தருகிறோம், செருப்புக்குத் தள்ளுபடி... இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. 1978 மே மாதத்திலேயே அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விளம்பரம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வீச்சில் போய், பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆகவே சல்லடை தேவை என்பதில் சந்தேகமில்லை. சல்லடையை யார் கையில் கொடுப்பது, எவ்வளவு பலத்தோடு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் வந்த சல்லடைகளுக்குப் பலம் அதிகம். 1990-ல் ஸ்டீஃபன் வான் டென் பெர்க் எழுதிய 'ப்ரோக்மெயில்' யூனிக்ஸ் சர்வர்களில் வெகுகாலம் ஓடியது. கடிதம் வந்தவுடன் எந்த நிரலை வேண்டுமானாலும் ஓட்டச் சொல்லலாம். தெரிந்தவர் கையில் அது நல்ல கத்தி. ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் ஆளுக்கொரு கத்தி கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மாற்றாக வந்தது 'ஸீவ்'. பெயருக்கே சல்லடை என்றுதான் பொருள். டிம் ஷோவால்டர் எழுதி, 2001 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3028 என்ற எண்ணில் வெளியானது. 2008-ல் திருத்தப்பட்டு ஆர்.எஃப்.சி. 5228 ஆனது. இது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி. "முதல்வர் அலுவலகத்திலிருந்து வந்தால் 'கல்லூரி' என்ற பெட்டியில் போடு" என்ற அளவில்தான் பேசும். அடிப்படை மொழியில் லூப் கிடையாது, வேரியபிள் கிடையாது, வெளி நிரலைக் கூப்பிடவும் வழி கிடையாது. "இதெல்லாம் ஒரு மொழியா?" என்று கேட்கத் தோன்றும். வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார்கள். முடிவில்லாமல் சுற்றி சர்வரைத் திணறடிக்கும் ஸ்கிரிப்டை இதில் எழுதவே முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. எந்தக் கட்டளையும் பொருந்தாவிட்டால் கடிதம் பத்திரமாக இன்பாக்ஸுக்குப் போகும். ஸ்கிரிப்ட் பாதியில் தடுக்கி விழுந்தாலும் அப்படியே. 'சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்' என்பதுதான் இதன் சாரம்.

தமிழ் வகுப்பில் நன்னூல் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மாணாக்கர்களைத் தரம் பிரித்து, கடைசி வரிசையில் நெய்யரியை வைத்திருப்பார் பவணந்தி முனிவர். நெய்யரி என்றால் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டு, கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது கடைசி பெஞ்சில் இருந்த எங்களைப் பார்த்து ஐயா சொன்னதாக நினைத்துக்கொண்டோம். இப்போது தினமும் அந்த நெய்யரியைச் சர்வரில் பார்க்கிறேன்!

ஒன்று சொல்கிறேன். நாங்கள் பராமரித்த ஒரு கல்வி நிறுவனத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர். தள்ளுபடி விளம்பரங்கள் தாங்க முடியாமல், தலைப்பில் 'ஆஃபர்' என்ற சொல் இருந்தால் 'டிஸ்கார்ட்' செய், அதாவது தூக்கிப் போடு, என்று ஒரு வரி எழுதி வைத்தார். விளம்பரம் நின்றுபோனது. சில மாதம் கழித்து அவருக்கு வேலை கொடுத்த கம்பெனி 'ஆஃபர் லெட்டர்' அனுப்பியது. சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஸ்பாம் பெட்டியில் இல்லை, குப்பைத் தொட்டியிலும் இல்லை. தோழிகளுக்கெல்லாம் வந்துவிட்டதே என்று அவர் எங்களிடம் கேட்டபோது, லாக் கோப்பில் ஒரே ஒரு வரி கிடைத்தது. இன்ன நாள், இன்ன நேரம், தூக்கிப் போடப்பட்டது. கடிதத்தை மீட்க வழியில்லை. பதில் சொல்லக் கடைசி நாளும் தாண்டியிருந்தது. அந்த லாக் வரியை இணைத்துக் கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வளாகத் தேர்வில் வேறு வேலை கிடைத்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் அந்த மாதம் எப்படிக் கழிந்திருக்கும்?

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் பெரிய விவாதம். "பயனர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் உரிமையே வேண்டாம், எல்லாவற்றையும் நாமே வடிகட்டுவோம்" என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எது குப்பை என்று எனக்கெப்படித் தெரியும்? ஒருவருக்குக் குப்பையான உர விளம்பரம், வேளாண்மை படிக்கிறவருக்குப் பாடம். உரிமையைப் பிடுங்குவதற்குப் பதிலாக, ஒத்திகை பார்க்க வழி செய்வோம் என்றேன்.

அப்படித்தான் ஒரு சோதனை நிலை ப்ளக்-இன் பக்கம் வந்தோம். எங்கள் சர்வர் மென்பொருள் 'டவ்காட்'. ஃபின்லாந்தின் டிமோ சிரைனென் 2002-ல் முதலில் வெளியிட்டது. பெயருக்குப் புறாக்கூடு என்று அர்த்தம். அதோடு சேரும் ஸீவ் பகுதிக்குப் பெயர் 'பிஜன்ஹோல்'. ஹாஸ்டல் வராண்டாவில் கடிதம் போட்டு வைக்கும் மரத்தட்டு இருக்குமே, அது மாதிரி. சாதாரணமாக ஸீவ் ஸ்கிரிப்ட் கடிதம் வந்து சேரும் நேரத்தில் ஓடும். நாங்கள் எடுத்த ப்ளக்-இன், ஏற்கெனவே பெட்டியில் கிடக்கும் பழைய கடிதங்கள் மீதும் ஸ்கிரிப்டை ஓட்ட ஒரு புதிய கட்டளையைச் சேர்க்கிறது. "இது சோதனை நிலையில் உள்ளது, விதிமுறை மாறலாம்" என்று அதன் கையேட்டிலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.

பழைய கடிதம் மீது ஓடுவதில் லாபமும் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன. ஒரு வரி பிசகினால் பத்து வருஷக் கடிதம் போய்விடும். ஆகவே உண்மையான பெட்டிகளை நாங்கள் தொடவில்லை. எங்கள் சொந்தப் பெட்டிகளின் நகலை எடுத்து, தனிச் சர்வரில் ஓட்டினோம். கூடவே 'ஸீவ்-ஃபில்டர்' என்ற கருவியையும் பயன்படுத்தினோம். அதன் அமைப்பு பாராட்டத்தக்கது. நீங்கள் தனியாகக் கேட்டாலொழிய அது எதையும் மாற்றாது. "ஓட்டினால் இன்ன கடிதத்துக்கு இன்னது நடக்கும்" என்று பட்டியல் மட்டும் கொடுக்கும்.

அந்த மாணவியின் 'ஆஃபர்' வரியை என் பழைய கடிதங்கள் மீது ஓட்டிப் பார்த்தேன். பட்டியலில் செருப்பும் சட்டையும் நிறைய வந்தன. நடுவே இரண்டு வேலைக் கடிதங்கள். இன்னொன்று, 'இந்தப் பருவத்தில் வழங்கப்படும் பாடங்கள்' என்று ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பு. அதில் 'ஆஃபர்டு' என்ற சொல் இருந்தது. ஸீவ் மொழியில் 'உள்ளடக்கியது' என்று கேட்டால் சொல்லின் ஒரு துண்டு இருந்தாலே போதும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காது. ஒத்திகை பார்த்திருந்தால் ஒரே நிமிஷத்தில் கண்ணில் பட்டிருக்கும் விஷயம் இது.

கடைசியில் மூன்று முடிவு எடுத்தோம். ஒன்று, சோதனை நிலை ப்ளக்-இன் சோதனைச் சர்வரிலேயே இருக்கட்டும். ஆர்வத்துக்காக அடுத்தவர் கடிதத்தைப் பணயம் வைக்கக் கூடாது. இரண்டு, புதிய ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் கேட்டால், பழைய கடிதங்கள் மீது ஒத்திகை ஓட்டிப் பட்டியலை அவருக்கே கொடுக்க வேண்டும். மூன்று, 'தூக்கிப் போடு' என்பதற்குப் பதில் 'சந்தேகம்' என்ற பெட்டியில் போடும் மாதிரி ஸ்கிரிப்டுகளையே பயனர்களுக்குத் தர வேண்டும். இதனால் கொஞ்சம் டிஸ்க் இடம் செலவாகும். ஆகட்டும். ஒருவருடைய வேலையைவிட டிஸ்க் விலை குறைவுதான்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இந்த வருஷம் வளாகத் தேர்வுக்கு உட்காரப் போகிறீர்கள். இன்று இரவு அறைக்குப் போனதும் உங்கள் மின்னஞ்சலில் வடிகட்டும் விதிகள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். என்றோ ஒருநாள் எரிச்சலில் எழுதியது ஒன்றாவது இருக்கும். 'அழி' என்று இருந்தால் 'வேறு பெட்டிக்கு மாற்று' என்று திருத்துங்கள். ஸ்பாம் பெட்டியை வாரம் ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள்.

நாளைக்கு நீங்களே இப்படி ஒரு சல்லடையைச் செய்யும் இடத்தில் உட்காரலாம். கடிதத்தை மட்டுமல்ல, வேலை விண்ணப்பத்தையும் கடன் மனுவையும் வடிகட்டும் நிரல்கள் இப்போது வந்துவிட்டன. எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று உங்கள் மேலதிகாரி கேட்பார். தவறாகத் தள்ளப்பட்டவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்று நீங்கள் கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்க ஒருவராவது அறையில் இருக்க வேண்டும். அவர் நம் கல்லூரிக்காரராக இருந்தால் எனக்குப் பெருமை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள், பேசுவோம்.