வேலை நேரத்தில் நோய்



நூற்பாலை ஒன்றில் ஒரு தொழிலாளி இரவு ஷிப்டில் நிற்கிறார். எட்டு மணி நேர வேலையில் ஐந்து மணி கழிந்துவிட்டது. திடீரெனத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே வரலாமா? வந்தால் அன்றைய கூலி முழுவதும் போய்விடுமா? இவ்வினாக்களுக்குச் சட்டம் தரும் விடையை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். உங்களுள் பலர் நாளை ஊழியர் ஆவீர்கள்; சிலர் ஊழியரை அமர்த்தி வேலை வாங்குவீர்கள். இரு சாராரும் இதை அறிந்திருத்தல் நலம்.

கூலியை முதலில் பார்ப்போம். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஒரு தெளிவான அளவை வகுத்தது. வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அந்த விகிதத்திற்கு மேல் சம்பளத்தில் பிடித்தல் ஆகாது. எட்டு மணியில் ஐந்து மணி உழைத்தவரிடம் மூன்று மணிக்குரிய கூலியையே பிடிக்கலாம். நாட்கூலி முழுவதையும் மறுத்தல் கூடாது. அச்சட்டத்தின் இடத்தைப் பெற்று 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் இவ்விதியையே ஏற்றிருக்கிறது. ஆயினும் 'பாதியில் போனால் சம்பளம் இல்லை' என்னும் பேச்சு இன்றும் பல பட்டறைகளில் காதில் விழுகிறது. அஞ்சியே பலர் மயக்கத்தை மறைத்து இயந்திரத்தின் அருகே நிற்கிறார்கள். சுழலும் கதிர்களுக்கு முன்னே தள்ளாடி நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை ஆலையின் உள்ளே சென்று பார்த்தவர் அறிவர்.

அடுத்து, விழுந்தவரைத் தூக்குவார் யார்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டுமென்றது. பெட்டிக்குப் பொறுப்பான ஒருவர் முதலுதவிப் பயிற்சி பெற்றவராய், வேலை நடக்கும் நேரமெல்லாம் கிடைக்கக்கூடியவராய் இருத்தல் வேண்டும். ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலையில் மருத்துவ அறையும் தேவை. 'வேலை நடக்கும் நேரமெல்லாம்' என்பதில் இரவு ஷிப்டும் அடங்கும் அல்லவா? நான் கண்ட ஆலை ஒன்றில் பெட்டி அலுவலக அறைக்குள் பூட்டியிருந்தது. சாவியோ பகல் ஷிப்டு எழுத்தரின் வீட்டில் இருந்தது! பஞ்சும் அயோடினும் குறைவில்லை; எடுத்துத் தர ஆள்தான் இல்லை.

இனி இ.எஸ்.ஐ. என்று மக்கள் வழங்கும் ஈட்டுறுதித் திட்டம். பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையிலிருந்து இது பிறந்தது. 1948இல் சட்டமாயிற்று. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1955இல் கோயம்புத்தூரில் கால்கொண்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு 0.75 பங்கும், முதலாளி 3.25 பங்கும் செலுத்துகின்றனர். ஆறு மாதக் கட்டண காலத்தில் 78 நாட்களுக்குக் கட்டணம் செலுத்தியவர் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு எழுபது பெறலாம். நோய்க்கால உதவி பெற்றுவரும் ஒருவரை வேலையினின்று நீக்குவதையும் தண்டிப்பதையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இவ்வேற்பாடு முதலாளியின் தயவன்று. தொழிலாளி தம் காசையும் இட்டு வாங்கிய உரிமை.

வேலையின்போது மாரடைப்பு நேர்ந்தால் இழப்பீடு உண்டா எனச் சிலர் வினவக்கூடும். வேலை நேரத்தில் நேர்ந்தது என்பது மட்டும் போதாது, வேலையின் கடுமைக்கும் அதற்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. ஆகவே அன்று எத்தனை மணி நேரம் உழைத்தார், எத்தகைய சுமை தூக்கினார் என்ற விவரங்களை உடன் வேலை செய்வோர் அன்றே குறித்து வைப்பது குடும்பத்திற்குப் பெருந்துணையாகும்.

ஈட்டுறுதித் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத விதி ஒன்று உண்டு. நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது; முன்பு உதவி பெற்ற நோய் தீர்ந்து பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் நோயுற்றவர்க்கே விலக்கு. நாளொன்றுக்கு 600 ரூபாய் பெறுபவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் இழப்பது 1,800 ரூபாய். கைக்கு வருவது ஒரு நாளுக்குரிய 420 ரூபாய். சிறு தலைவலிக்கெல்லாம் பணம் கேட்பதைத் தடுக்கவே இவ்விதி என்பார்கள். ஆனால் காய்ச்சலோடு ஒருவர் ஆலைக்கு வந்து, பக்கத்தில் நிற்பவர்க்கும் அதைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் இதுவே காரணமாகிறது. விதி மாறும் வரையில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் தரும் நாளிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. ஆதலால் மயங்கி விழுந்தவரை வீட்டிற்கு அனுப்பாமல், அன்றைக்கே மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.