பச்சை வேறு, மகசூல் வேறு



ஓசூர் ஆலைகளில் ஷிப்டு முடித்தவர்களும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் களை எடுத்தவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். நம்மில் பல குடும்பங்களுக்குச் சம்பளமும் வேண்டும், மானாவாரி மகசூலும் வேண்டும். ஆகவே இந்தப் பேச்சு இரு சாராருக்கும் உரியது.

செயற்கைக்கோள் நம் பயிரைப் பார்க்கிறது. எப்படி? நலமான இலை சூரிய ஒளியில் சிவப்பை உட்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. வாடினால் இந்த வித்தியாசம் குறையும். வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணே தாவரக் குறியீடு. செழித்த பயிருக்கு அது 1-ஐ நோக்கி ஏறும்; வெறும் மண்ணில் 0-வை ஒட்டி நிற்கும்.

இந்த விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். 1988 மார்ச்சில் நம் தொலையுணர்வுக் கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ, சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து ஏறிற்று. அது மக்கள் வரிப்பணத்தில் பிறந்தது. மக்களுக்கே பயன்பட வேண்டும்.

ஆனால் இப்போது இந்தக் கணக்கு நஷ்ட ஈட்டிலும் நுழைந்துவிட்டது. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரீப் பருவம் முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் தொலையுணர்வுக்கு 30 சதவீத இடம் தர மத்திய சர்க்கார் வழிசெய்தது. நாளை ராகிக்கும் வரலாம்.

பச்சை எல்லாம் மகசூலா? பூக்கும் தருணத்தில் மழை பொய்த்தால் தாள் பச்சையாக நிற்கும். கதிரில் மணி இராது. களையும் பச்சை; ஊடே விதைத்த அவரையும் பச்சை. மேகம் மூடினால் இந்தக் குறியீட்டுக்குப் படமே கிடைக்காது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 40 கட்டம். அமெரிக்காவின் மோடிஸ் படத்திலோ 250 மீட்டர். ஒரே கட்டத்தில் 15 ஏக்கர்! அரை ஏக்கர் குத்தகைக்காரரின் காய்ந்த பயிர், பக்கத்து மாந்தோப்பின் பச்சையில் மறைந்துபோகும். அறுவடை இல்லாமல் கூலி இழந்த பெண்ணின் வெறும் அடுப்பையோ எந்தக் கோளும் காட்டாது.

எனவே நமது கோரிக்கைகள்:

கதிரை அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை, நாள் அறிவித்து ஊரார் முன்னிலையில் நடக்க வேண்டும்.

கோளின் படமும் எண்ணும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபணைக்கு அவகாசம் வேண்டும்.

பயிர் அழிந்த ஊரில் விவசாயத் தொழிலாளருக்கு வேலையும் நிவாரணமும் வேண்டும்.

வானத்திலிருந்து கோள் பார்க்கட்டும். ஆனால் காட்டில் இறங்கி உழைத்தவர்களின் சாட்சியைக் கேட்காமல் கணக்கை முடிக்க விடமாட்டோம். ஊர் ஊராக இதை எடுத்துச் சொல்லுங்கள், ஒன்றுபட்டுக் கேளுங்கள்!