கோழிக்கு இரை, வயலுக்கு எரு

(அண்ணாமலை நகரை அடுத்த கிராமங்களின் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



புழு வளர்ப்பைப் பற்றிப் பேச ஓர் அலுவலர் வந்திருக்கிறாரே என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. ஆயினும் இது நமக்கு முற்றிலும் புதிதன்று. கோழி குஞ்சு பொரித்த வீட்டில் நம் பாட்டிமார் பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, வைக்கோல் ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் எடுத்துத் தட்டினால் குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும். காசு செலவில்லாத புரதம் அது. ஆனால் கரையானை நாம் பிடிக்கிறோமேயன்றி வளர்ப்பதில்லை. கோழிகள் பெருகினால் அது போதாது.

வளர்க்கத் தக்க பூச்சி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பிளாக் சோல்ஜர் ஈ என்பர். நாம் கருப்புப் படைவீரன் ஈ எனலாம். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி வெப்ப நாடுகளில் பரவியது. வீட்டு ஈயைப் போல் நம் சோற்றில் வந்து மொய்க்காது; கடிக்காது. வளர்ந்த ஈ சில நாட்களே வாழ்ந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. முட்டை சுமார் 4 நாட்களில் பொரிக்கும். புழு ஏறத்தாழ 2 வாரம் காய்கறிக் கழிவையும் மிஞ்சிய சோற்றையும் தின்று கொழுக்கும். முதிர்ந்ததும் நிறம் கருத்து, ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடித் தானே ஏறி வரும். தொட்டியில் ஒரு சரிவுப் பலகையும் அதன் முடிவில் ஒரு வாளியும் வைத்தால் அறுவடைக்கு ஆள் தேவையில்லை!

உலர்ந்த புழுவில் நூற்றுக்கு 40 பங்கு அளவில் புரதம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சி மாவை மீன் தீவனத்தில் 2017-லும், கோழி, பன்றித் தீவனத்தில் 2021-லும் அனுமதித்தது.

சென்ற ஆண்டு ஒரு மகளிர் குழுவினரை இத்தொழிலில் நான் ஈடுபடுத்தினேன். ஊராட்சியின் பழைய கிடங்கு ஒன்றை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். புழு நன்றாக வளர்ந்தது, ஈயும் பறந்தது, முட்டை மட்டும் இல்லை. இந்த ஈ இணைவதற்கு நல்ல வெயில் வெளிச்சம் வேண்டும். இருட்டுக் கிடங்கில் அது எவ்வாறு நடக்கும்? அப்பெண்களின் இரண்டு மாத உழைப்பு வீணாயிற்று. பிழை என்னுடையது. பின்னர் வலைக்கூண்டை வேப்பமரத்தருகே காலை வெயில் படும்படி மாற்றினோம், முட்டை வந்தது. கார்த்திகை மழையில் மற்றொரு தொல்லை. சாரல் விழுந்து தொட்டி சேறாகி, புழுக்கள் சுவரேறி அண்டை வீட்டுக்குச் சென்றுவிட்டன. அவ்வீட்டு அம்மையாரைச் சமாதானப்படுத்த நான் நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே கூரையும் வடிகாலும் முதலில்; பிறகே புழு. இரையைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் வரவேண்டும். மிகுந்தால் உமி அல்லது தவிடு கலக்கலாம். எறும்பு பெரும் பகை. தொட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். செத்த பிராணிகள், மலம், பூச்சி மருந்து தெளித்த காய்கறி ஆகியவற்றை ஒருபோதும் இடலாகாது. புழு தின்பது கோழி வழியாக நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

புழு தின்று மிஞ்சிய பொருளை அப்படியே வயலில் கொட்டாதீர்கள். அதில் வெப்பமும் நெடியும் இருக்கும். சாணமும் சருகும் கலந்து நிழலில் மக்கவிட்டு, சூடு தணிந்த பின் மண்புழுத் தொட்டியில் இட்டால் நல்ல எருவாகும்.

அண்ணாமலை நகரும் சிதம்பரமும் விடுதிகளும் உணவகங்களும் மிகுந்த ஊர்கள். அங்கு மிஞ்சும் உணவைப் பார்த்ததும் பெரிய ஆலை எழுப்பும் ஆசை தோன்றும். வேண்டாம். இறால் தீவன ஆலைக்கு மாவு கொடுக்க உலர்த்தும் கருவியும் தரச் சோதனையும் தவறாத அளவும் வேண்டும். அது நமது முதற்படியன்று. முட்டையையும் பெட்டியையும் அதிக விலைக்கு விற்று, "புழுவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று கூறுவோர் வருவார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமு வளர்த்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு தெருவின் காய்கறிக் கழிவு, இரண்டு தொட்டி, ஒரு வலைக்கூண்டு, இருபது நாட்டுக்கோழி. இவ்வளவில் தொடங்குங்கள். தூய்மைக் காவலர்கள் ஈரக் குப்பையைப் பிரித்துத் தர ஊராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணாடித் துண்டு கலந்த குப்பை புழுவுக்கும் ஆகாது, கையிட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் ஆகாது. புழுவில் கொழுப்பு மிகுதி. வழக்கமான தானியத்தோடு சிறு பங்காகவே கொடுங்கள். தீவனம் பற்றிய ஐயங்களை உங்கள் கால்நடை மருத்துவரிடமோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

அம்மகளிர் குழுவினர் இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு வாளியில் புழுவும் கொண்டு வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் கேளுங்கள். என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.