இரு விதிகள்

என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவனுக்குக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு மின்னஞ்சலில் வந்தும், அவன் கண்ணிற்படவில்லை. காரணம் என்ன? ‘கல்லூரி’ என்ற சொல் இருந்தால் நட்சத்திரக் குறியிடுக என்பது அவன் வகுத்த ஒரு விதி. ‘விண்ணப்பம்’ என்றிருந்தால் அழித்துவிடுக என்பது, விளம்பரங்களுக்கு அஞ்சி வகுத்த மற்றொன்று. அழைப்பில் இரு சொற்களும் இருந்தன. ஆகவே கடிதம் குறியோடு குப்பைத் தொட்டியை அடைந்தது. தேர்வுக்கு முதல் நாள்தான் அதைக் கண்டெடுத்தோம்.

ஜிமெயிலில் குப்பைக்குச் சென்ற கடிதம் 30 நாட்களே தங்கும். எனவே கடிதம் காணாதபோது முதலில் அங்கே தேடுங்கள். பின்னர் அமைப்புகளில் உள்ள வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் படித்து, முரண்பட்டதை நீக்குங்கள். வேறொரு முகவரியிலிருந்து மடல் அனுப்பிச் சோதியுங்கள். இயந்திரம் நம் கருத்தை அறியாது. நாம் இட்ட கட்டளையை மட்டுமே அறியும்.